நடந்த மரணமும் நடக்காத மரணமும்

1

1956 ஏப்ரல் 9, திங்கட்கிழமை இரவு. லண்டன் பி.பி.ஸி. டெலிவிஷனில் ‘பனோரமா’ முடியும் தறுவாயில் இருந்தது. நாட்டு நடப்பை அலசும் நிகழ்ச்சி அது. அன்று அதன் கடைசி நிமிஷங்களைக் கல்கத்தாவிலிருந்து வந்திருந்த மாஜிக்காரர் பி. ஸி. சர்க்காருக்குக் கொடுத்திருந்தார்கள். மகாராஜா உடை, தலைப்பாகை. அவருடைய உதவியாளர், தீப்தி டே என்ற 17 வயதுப் பெண், மேஜைமேல் கிடத்தப்பட்டாள். பெரிய வட்ட ரம்பம் சுழன்று அவள் உடம்பின் குறுக்கே இறங்கியது. ரம்பம் நின்றதும் சர்க்கார் அவள் கைகளைத் தேய்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. சர்க்கார் தலையை அசைத்துவிட்டு ஒரு கறுப்புத் துணியால் அவள் முகத்தை மூடினார். உடனே நிகழ்ச்சியை நடத்தும் ரிச்சர்ட் டிம்பிள்பி காமிராவுக்கு முன்னால் வந்து நின்று, நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லி விடைபெற்றார். அவ்வளவுதான்.

ஸ்டூடியோவின் டெலிபோன்கள் திணறிப்போயின. ஒரு பெண் இரண்டாக அறுபட்டுச் செத்ததைப் பார்த்துவிட்டதாக ஜனங்கள் நம்பினார்கள். நேரம் போதாமல் போய்விட்டது, பெண் சௌக்கியமாக இருக்கிறாள் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் பத்திரிகைகளில் சர்க்கார்தான் செய்தி. டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் அவருடைய காட்சிகளுக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்தது.

1984 ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு. அதே லண்டன். ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த பல்சுவை நிகழ்ச்சி ஒன்றில் டாமி கூப்பர் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் உதவியாளர் வந்து அவருக்கு ஒரு நீண்ட அங்கியை மாட்டிவிட்டாள். அந்த அங்கிக்குள்ளிருந்து ஒவ்வொரு சாமானாக வெளியே வர வேண்டும். சாமான்களைப் பின்னாலிருந்து கொடுக்கத் திரைக்கு அப்பால் ஆள் நின்றிருந்தார். கூப்பர் கால் மடங்கித் திரையோரம் சரிந்து உட்கார்ந்தார். அரங்கம் சிரித்தது. மூச்சு இழுத்தது, அதற்கும் சிரித்தது. பின்னால் சாய்ந்தார். திரை மூடியது. விளம்பரங்கள் வந்தன. பிறகு அடுத்த கலைஞர்கள் மூடிய திரைக்கு முன்னால் நின்று தங்கள் பங்கைச் செய்தார்கள். திரைக்குப் பின்னால் கூப்பரைப் பிழைக்கவைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. வயது 63.

முதல் இரவில் சாகாத பெண் செத்ததாக நம்பினார்கள். இரண்டாவது இரவில் செத்துக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டும் டெலிவிஷன், இரண்டும் நேரடி ஒளிபரப்பு, இரண்டும் மாஜிக். இடையில் 28 வருஷங்கள். இந்த 28 வருஷங்களில் பார்வையாளனுக்கு என்ன நேர்ந்தது என்பது மாஜிக்காரர்களின் சொந்த விவகாரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

2

ரம்பத்திலிருந்து தொடங்கலாம். பெண்ணை அறுக்கும் வித்தை இந்தியாவிலிருந்து போனதல்ல. 1921 ஜனவரியில் லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் பி. டி. செல்பிட் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு அதைக் காட்டினார். பெட்டிக்குள் பெண், கையால் இழுக்கும் ரம்பம். பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஓட்டுரிமை கிடைத்து மூன்று வருஷங்கள்கூட ஆகாத இங்கிலாந்து அது. ஓட்டுரிமைப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டை அறுபட வருமாறு செல்பிட் பகிரங்கமாக அழைத்தார். தியேட்டருக்கு வெளியே சாக்கடையில் வாளி வாளியாக ரத்தம் போன்ற ஒன்றைக் கொட்டச் செய்தார். அமெரிக்காவில் அதே வித்தையைக் கையிலெடுத்த ஹோரஸ் கோல்டின் வாசலில் ஆம்புலன்ஸ் வண்டிகளை நிறுத்திவைத்தார். பின்னால் வட்ட ரம்பத்தைக் கொண்டுவந்து பெட்டியை விலக்கியவரும் அவர்தான்.

ஆக, மரணத்தை விளம்பரமாக்குவது டெலிவிஷன் கண்டுபிடித்ததில்லை. ஆனால் செல்பிட்டும் கோல்டினும் ரத்தத்தையும் ஆம்புலன்ஸையும் அரங்கத்துக்கு வெளியேதான் வைத்தார்கள். உள்ளே அந்தப் பெண் ஒவ்வொரு இரவும் எழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். அவள் எழுவதுதான் வித்தையின் வடிவம். டிக்கெட் வாங்கியவன் வாங்கியது அதைத்தான்.

எழாமல் விடுவது வேறொரு மரபு. அது நம் தெருக்களுடையது. மோடி மஸ்தான் வித்தையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பையனைப் படுக்கவைத்துத் துணியால் மூடுவான். கழுத்தில் கத்தி பாயும், துணி சிவக்கும். அங்கே வித்தை நின்றுவிடும். கையைக் கட்டாதே, இடத்தை விட்டு நகர்ந்தால் ரத்தம் கக்குவாய் என்று கூட்டத்தை மிரட்டுவான். பையன் துணிக்குள் பிணமாகக் கிடக்கும்போதுதான் தட்டு சுற்றி வரும். காசு விழுந்த பிறகே பையன் எழுவான். வித்தையின் உச்சம் அற்புதத்தில் இல்லை, அற்புதத்தைத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிக் கடைசிவரை விடாமலே கூட்டத்தைக் கலைப்பவனும் இதே கலையைத்தான் செய்கிறான்.

சர்க்கார் கிழக்கு வங்காளத்து டாங்கைல் பகுதியில் 1913இல் பிறந்தவர். மேனாட்டு மேடை மாஜிக்கை ஊன்றிக் கற்றவர். ‘இந்திரஜால்’ என்ற பெயரில் பெரிய மேடைக் காட்சியை உருவாக்கி உலகம் சுற்றியவர். சூனியக்காரனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சாயல் விழும்படி சர்க்கார் என்ற குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துக்களையே மாற்றிக்கொண்டவர். லண்டனுக்குக் கோல்டினின் ரம்பத்தைத்தான் கொண்டுவந்தார். அதைத் தெருவித்தைக்காரனைப் போல நிறுத்தினார். பெண்ணின் முகத்தை மூடிய கறுப்புத் துணி தெருவிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். தட்டு மட்டும் மறுநாள் காலையில், தியேட்டர் டிக்கெட் ஜன்னலில் சுற்றி வந்தது. நேரம் உண்மையிலேயே போதாமல் போயிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. மேடையில் விநாடிக் கணக்குப் பிசகாத ஒரு மனிதருக்கு அன்று மட்டும் கணக்குப் பிசகியது என்பதை நான் ஏற்கவில்லை.

ஆனால் சர்க்காருக்குக் கிடைத்த பெரிய உதவி ரம்பமும் அல்ல, துணியும் அல்ல. டிம்பிள்பி. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதை 1952இல் ரேடியோவில் வர்ணித்த குரல் அது. 1953இல் எலிசபெத்தின் முடிசூட்டலை டெலிவிஷனில் வர்ணித்த குரலும் அதுதான். அந்தக் குரல் பாதியில் வந்து போதும் என்றபோது ஜனங்கள் கண்டது வித்தையின் முடிவை அல்ல, வித்தை முறிந்துபோனதை. டிம்பிள்பியின் குரலுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதற்கு ஒரு வருஷம் கழித்து வேறொரு சாட்சியம் கிடைத்தது. 1957 ஏப்ரல் 1 அன்று அதே ‘பனோரமா’வில், ஸ்விட்சர்லாந்தில் மரங்களில் காய்த்துத் தொங்கும் ஸ்பகெட்டியைக் குடியானவர்கள் பறிப்பதை அதே டிம்பிள்பி அதே கம்பீரத்தோடு வர்ணித்தார். முட்டாள்கள் தின வேடிக்கை. நம்பியவர்கள் ஏராளம்.

3

சர்க்காரின் நிகழ்ச்சி நடந்து ஐந்து நாட்களில், 1956 ஏப்ரல் 14 அன்று, சிகாகோவில் ஆம்பெக்ஸ் கம்பெனி தன் வீடியோ டேப் யந்திரத்தைப் பகிரங்கமாக அறிமுகப்படுத்தியது. இரண்டு நிகழ்வுகளுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மாஜிக்கின் வரலாற்றில் இவை பக்கத்தில் பக்கத்தில் விழுந்ததை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அதுவரை டெலிவிஷன் பெரும்பாலும் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் பெட்டி. இனி நடந்து முடிந்ததையும், வெட்டி ஒட்டியதையும், நடந்துகொண்டிருப்பது போலவே காட்டக்கூடிய பெட்டி.

சினிமாவில் இந்த விஷயம் முன்பே முடிந்துபோயிருந்தது. பாரிஸில் ராபர்ட் ஹூதேன் தியேட்டரை 1888இல் வாங்கி நடத்திய ஜார்ஜ் மெலியே தொழிலால் மாஜிக்காரர். 1896இல் ஒரு பெண்ணை மறையவைக்கும் மேடை வித்தையைப் படமாக எடுத்தார். மேடையில் அதற்கு ரகசியக் கதவு வேண்டும். மெலியே காமிராவை நிறுத்தினார், பெண்ணை எழுந்து போகச் சொன்னார், மறுபடி ஓடவிட்டார். அந்த நிமிஷத்திலேயே சினிமாவில் மாஜிக்காரனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எது வேண்டுமானாலும் நடக்கக்கூடிய இடத்தில் எது நடந்தாலும் வியப்பில்லை.

டெலிவிஷனுக்குப் போன மாஜிக்காரர்கள் எதிர்கொண்டது மெலியே விட்டுப்போன இந்தச் சந்தேகத்தை. அதற்கு முதலில் ஒழுங்காகப் பதில் சொன்னவர் அமெரிக்காவின் மார்க் வில்சன். 1960 அக்டோபரில் ஸி.பி.எஸ். நிறுவனத்தில் சனிக்கிழமை காலைகளில் தொடங்கிய அவருடைய ‘அல்லகசாம்’ தொடர் டேப்பில் பதிவானது. எனவே வாக்குறுதி தேவைப்பட்டது. ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் இருப்பார்கள். வித்தையின் நடுவில் காமிரா வேறு பக்கம் திரும்பாது. அவர்கள் பார்ப்பதைத்தான் வீட்டிலிருப்பவர்களும் பார்க்கிறார்கள். காலை உணவுக் கம்பெனியின் தயவில் குழந்தைகளுக்காக நடந்த நிகழ்ச்சிதான். ஆனால் டெலிவிஷன் மாஜிக்கின் இலக்கணம் அங்கேதான் எழுதப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், நான் உங்களை ஏமாற்றப்போகிறேன், ஆனால் இந்த வழியில் மட்டும் ஏமாற்றமாட்டேன் என்று ஒருவன் சத்தியம் செய்கிறான். அந்தச் சத்தியம் இல்லாமல் ஏமாற்றுக்கு மதிப்பில்லை.

டக் ஹென்னிங் அடுத்த படிக்குப் போனார். கனடாவின் வின்னிபெக்கைச் சேர்ந்தவர். வால் கோட்டும் உயரத் தொப்பியும் இல்லாமல், நீண்ட தலைமயிரும் பெரிய மீசையும் வண்ண உடையுமாக 1974இல் பிராட்வே மேடையில் ‘தி மாஜிக் ஷோ’வைத் தொடங்கியவர். அது நான்கு வருஷங்களுக்கு மேல் ஓடியது. 1975 டிசம்பர் 26 அன்று என்.பி.ஸி.யில் அவருடைய முதல் தனி நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பானது. அன்று அவர் எடுத்துக்கொண்டது ஹூடினி 1912இல் பெர்லினில் அறிமுகப்படுத்திய தண்ணீர்க் கூண்டு: காலைக் கட்டித் தலைகீழாகத் தண்ணீருக்குள் இறக்கிப் பூட்டிவிடுவது. ஹூடினி அந்தக் கூண்டில் சாகவில்லை. 1926இல் டெட்ராய்ட் ஆஸ்பத்திரியில் வயிற்று நோயில் செத்தார். கூண்டுக்குள் அவரைச் சாகடித்தது 1953இல் வந்த ஹாலிவுட் படம். 1975இல் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்தச் சினிமா மரணத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் ஹென்னிங்கைப் பார்த்திருப்பார்கள். இங்கே நேரடி ஒளிபரப்பு என்பது ஒரு வசதியில்லை. வித்தையின் ஒரு பாகம். வெட்ட முடியாது என்பதால் செத்தாலும் தெரிந்துவிடும்.

சென்னைக்கு டெலிவிஷன் வந்ததே அந்த 1975 ஆகஸ்டில்தான். இந்த நிகழ்ச்சிகள் எதையும் நாம் அந்தந்த நாளில் பார்க்கவில்லை, பதிவுகளாகத்தான் பார்க்கிறோம். முடிவு தெரிந்த பிறகு பார்ப்பவனுக்கு வித்தையைவிடப் பார்வையாளர்களின்மேல் கண் போகிறது. என் கண் அங்கேதான் போகிறது.

டேவிட் காப்பர்ஃபீல்டில் இந்தச் சரித்திரம் வேறு பக்கம் திரும்புகிறது. 1983 ஏப்ரல் 8 அன்று ஸி.பி.எஸ்.ஸில் சுதந்திர தேவி சிலையை மறையவைத்தார். தீவில் இரவு நேரம், உயரமான இரண்டு கோபுரங்கள், நடுவே திரை, அதற்கு முன்னால் நாற்காலிகளில் 20 பேர். மேலே ஹெலிகாப்டர், பக்கத்தில் ராடார். திரை விலகியபோது சிலை இல்லை. பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்த மேடையே மெல்லச் சுழன்றது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது முக்கியமில்லை. வில்சனின் ஸ்டூடியோ ஜனங்கள் வித்தையைப் பார்க்க வந்தவர்கள். இந்த 20 பேர் வித்தையின் சாமான்கள். கோடிக்கணக்கானவர்களுக்கு முன்னால் சாட்சி சொல்ல உட்கார்த்திவைக்கப்பட்டவர்கள். அதோடு ஒரு பிரசங்கமும் உண்டு: கப்பலில் வந்திறங்கிய தன் தாய் முதலில் கண்ட சிலை இது, சுதந்திரம் மறைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வியப்பு போதாது என்று உணர்ச்சி சேர்க்கப்படுகிறது. சிலை மறைந்ததை ஒருவரும் நம்பவில்லை. நம்பவேண்டும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவும் இல்லை. 27 வருஷங்களுக்கு முன் போன் செய்த ஜனங்கள் எங்கே போனார்கள்?

4

கூப்பர் செத்தது இதற்கு அடுத்த வருஷம்.

அவரைக் கோமாளி என்று சொல்லிவிட்டுப் போவது தவறு. வேல்ஸில் 1921இல் பிறந்த அந்த நெடிய மனிதர் லண்டன் மாஜிக் சர்க்கிளின் உறுப்பினர். வித்தை தெரிந்தவர். தலையில் துருக்கித் தொப்பி. அவருடைய மேடையில் வித்தைகள் சொதப்பும். பந்து விழும், முட்டை உடையும், மறைத்துவைத்தது வெளியே தெரியும். அவர் முழிப்பார், ஒரு சிரிப்புச் சிரிப்பார், அடுத்த வித்தைக்குப் போவார். சில சமயம் எதிர்பாராமல் ஒரு வித்தை மிகச் சுத்தமாக வந்துவிடும். அப்போது அவரும் நம்மோடு சேர்ந்து திகைத்தது போலிருக்கும். தோல்வியை இவ்வளவு துல்லியமாகச் செய்ய வேண்டுமானால் வெற்றியை மனப்பாடமாகக் கற்றிருக்க வேண்டும். சங்கீதத்தில் வேண்டுமென்றே அபஸ்வரம் பாடிக்காட்டுகிறவனுக்குத் தேவையான சுருதி ஞானம் அது.

முப்பது வருஷங்களுக்கு மேல் அவர் தன் ஜனங்களுக்கு ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்: நான் தடுமாறினால் அது கலை. அவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஏப்ரல் 15 அன்று அவர் சரிந்தபோது அரங்கத்தில் இருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக இருந்ததால் சிரிக்கவில்லை. நல்ல மாணவர்களாக இருந்ததால் சிரித்தார்கள். சாமான்களைக் கொடுக்கத் திரைக்குப் பின்னால் நின்ற ஜிம்மி டார்பக்கே, கூப்பர் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். அந்தப் பதிவை நான் ஒரு முறை பார்த்தேன். மறுபடி பார்க்கும் எண்ணம் இல்லை.

இதுவரை சொன்னதை வைத்துச் சுலபமாக ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். 1956இல் ஜனங்கள் வெகுளிகள், பெட்டியில் வந்ததை எல்லாம் நம்பினார்கள். 1984இல் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள், எதையும் நம்பவில்லை. இந்த முடிவை 1987 கெடுத்துவிடுகிறது. அந்த வருஷம் அக்டோபர் 31 இரவு பி.பி.ஸி.யில் நேரடி நிகழ்ச்சி ஒன்றில் பால் டேனியல்ஸ் தன்னைச் சங்கிலியால் பிணைத்து, உள்ளே ஈட்டிகள் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டிக்குள் அடைக்கச் செய்தார். அவர் விடுபடுவதற்கு முன்பே கதவுகள் அறைந்து மூடிக்கொண்டன. அரங்கத்தில் இருந்தவர்களை அமைதியாக வெளியேறும்படி ஒரு குரல் கேட்டுக்கொண்டது. சங்கீதம் எதுவும் இல்லாமல் பெயர்கள் ஓடின. நிகழ்ச்சி முடிந்துவிட்டது. மறுபடியும் டெலிபோன்கள். மறுபடியும் ஆள் சௌக்கியம் என்ற அறிவிப்பு. 31 வருஷம் கழித்து, காப்பர்ஃபீல்டின் சிலையையும் கூப்பரின் சாவையும் பார்த்த பிறகும், அதே ஜனங்கள்.

மூன்று இரவுகளையும் சேர்த்து வைத்தால் நான் காண்பது இது. பார்வையாளன் உடம்பைப் பார்த்து எதையும் முடிவுசெய்யவில்லை. ரம்பம் போன உடம்பு, சரிந்த உடம்பு, ஈட்டிப் பெட்டிக்குள் போன உடம்பு, எதுவும் அவனுக்குப் போதிய சாட்சியமில்லை. நிகழ்ச்சி எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் அவன் பார்க்கிறான். 1956இல் டிம்பிள்பி வந்து நிகழ்ச்சியை நிறுத்தினார், பெண் செத்தாள். 1987இல் சங்கீதத்தை நிறுத்தினார்கள், டேனியல்ஸ் செத்தார். 1984இல் சங்கீதம் வந்தது, விளம்பரம் வந்தது, அடுத்த கலைஞர்கள் வந்தார்கள், கூப்பர் சாகவில்லை. உள்ளே இருப்பது பிணமா ஆளா என்பதைச் சட்டம்தான் சொல்கிறது, படம் சொல்வதில்லை. சர்க்காருக்கு இது 1956இலேயே தெரிந்திருந்தது. அவர் பெரிய கலைஞர் என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான். அவர் அறுத்தது நிகழ்ச்சியை.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சங்கதி இருக்கிறது. நம்மிடையேயும் ஒருவன் பத்து வருஷம் தன் துக்கத்தை ஒரு தோரணையாகப் பழக்கிவைத்திருப்பான். பிறகு ஒரு நாள் உண்மையாகவே உடைந்துபோய் ஒன்று எழுதுவான். படிமம் நன்றாக விழுந்திருக்கிறது என்று நாம் கடிதம் போடுவோம். அடுத்த இதழ் நேரத்துக்கு வரும். அவன் தோரணையைக் குற்றம் சொல்வதா, நம் வாசிப்பைக் குற்றம் சொல்வதா? கூப்பருக்கும் அவருடைய அரங்கத்துக்கும் இடையில் யாரைக் குற்றவாளியாக்குவது என்று எனக்குத் தெரிந்தால் இதற்கும் பதில் சொல்வேன்.

5

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சர்க்கார் 1971 ஜனவரியில் ஜப்பான் சுற்றுப்பயணத்தின்போது மாரடைப்பில் இறந்தார். ஹென்னிங் மாஜிக்கை விட்டு மகரிஷி மகேஷ் யோகியின் தியான இயக்கத்துக்குள் போய் 2000இல் இறந்தார். வில்சன் 2021இல். அமெரிக்காவில் 1997இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஃபாக்ஸ் நிறுவனத்தில் முகமூடி போட்ட ஒருவர் மேடை வித்தைகளின் ரகசியங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்காட்டினார். சக மாஜிக்காரர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரகசியம் தெரிந்தவர்கள் கண்ணையும் ஏமாற்றுவதுதான் நல்ல வித்தை.

மற்றது முக்கியமானது. ஏ.பி.ஸி.யில் டேவிட் பிளேய்ன் என்ற இளைஞர் மேடை, திரை, ஆளுயரப் பெட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார். கையில் ஒரு சீட்டுக்கட்டு. அவருடைய உண்மையான மாற்றம் காமிராவைத் திருப்பியதுதான். வித்தை முடிகிற நொடியில் அது மாஜிக்காரனை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்துக்குப் போகிறது. அவர் அலறுகிறார், வாயைப் பொத்துகிறார், ஓடுகிறார். வீட்டில் இருப்பவன் சீட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் அவன் வியந்துவிட்டான்.

காப்பர்ஃபீல்டின் 20 பேர் சாட்சிகளாக இருந்தார்கள். பிளேய்னின் தெரு ஜனங்கள் அதைத் தாண்டி, எப்போது எந்த அளவுக்கு வியக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதைப் புதிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரில் கூப்பர் சரிந்தபோதும் எல்லோரும் கூப்பரையே பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. முதல் வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.